வெள்ளிக்கிழமை இரத்தம்

வங்கியிலோ வைத்தியசாலையிலோ யாராவது ஒரு தாளை நீட்டி, இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கோ என்றால் நான் உடனே வைப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, கடைசி வரி வரை வாசிப்பேன். எனக்கு நேரம் எடுக்கும். விளங்காத சொல் வந்தால் கேட்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும்.

போன மாதம் லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் குடும்ப வைத்தியர் நிலையத்தில் ஒரு தாதி என்னுடைய இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பொத்தானை ஒட்டிவிட்டாள். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். இனி விரலில் குத்தத் தேவையில்லை, டெலிபோனைக் கிட்டக் கொண்டுபோனால் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று அதுவே காட்டும் என்றாள்.

"இதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு மெல்லிய கம்பி. பயப்படாதீர்கள், நோகாது."

"கம்பி மட்டும் இல்லை, மகள். கம்பிக்கு மேலே ஒரு புரதம் பூசியிருக்கும். அந்தப் புரதத்துக்குச் சீனியைத் தவிர வேறு ஒன்றையும் தெரியாது. ஒரு காலத்தில் நான் அதைக் கையால் பூசினேன்."

அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். வயதானவர்கள் ஏதாவது சொன்னால் ஆட்டுகிற தலையாட்டல். அவள் நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலையாட்டல் மனத்தில் கிடந்தது. எங்கள் சங்க மலருக்கு, உழைத்து ஓய்ந்தவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைப் பிள்ளைகள் திருத்தட்டும். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். இவர், என் மனுசன், எனக்கு முன்னமே வந்து ஒரு பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்றார். குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டிடத்து வாசலில் விறைக்க விறைக்க வரிசையில் நின்ற கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. கடதாசி சரிவந்ததும் லண்டன் நடுவில் ஒரு கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஒரு வருடம் கூட்டினேன். பிறகு மூன்றாம் மாடி ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற பெண் பிரசவ லீவில் போனாள். அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

அந்த ஆய்வுகூடத்தின் தலைவி டொக்டர் மொர்கன். ஐம்பது வயது, நெடுத்த ஆள், கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. நான் அவ இருந்து வேலை செய்து கண்டதில்லை. எப்போதும் நின்றபடிதான். முதல் நாள் நான் கழுவி வைத்த ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தா. தண்ணீர் உள்ளே பொட்டுப் பொட்டாக நின்றது. "என்ன காண்கிறீர்கள், மிஸிஸ் நடராஜா?" என்று கேட்டா. என்ன நினைக்கிறீர்கள் என்று அல்ல, என்ன காண்கிறீர்கள் என்று.

"தண்ணீர் நிற்கிறது."

"நிற்கக் கூடாது. கண்ணாடி சுத்தமென்றால் தண்ணீர் பட்டுத் துணி மாதிரி ஒரே விரிப்பாக வழியும். பொட்டாக நின்றால் சவர்க்காரமோ எண்ணெயோ இன்னும் ஒட்டியிருக்கிறது. எங்கள் புரதம் அதில் செத்துப்போகும்." குவளையை என்னிடம் தந்தா. "அகெய்ன்."

அகெய்ன். திரும்பவும். அந்தச் சொல்லை அவவின் வாயிலிருந்து பல்லாயிரம் தடவை கேட்டிருப்பேன். கோபமில்லாமல், சலிப்பில்லாமல், கதவைத் திறந்துவிடுவது போலச் சொல்லுவா. குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏழு தரம். எட்டாம் நாள் என் குவளையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தா. அதுதான் அவவின் பாராட்டு என்று பிறகு தெரிந்தது.

என்னுடைய கை நடுங்காது என்பதையும் அவதான் கண்டா. இரண்டாம் வருடம் என்னைக் கழுவு தொட்டியிலிருந்து மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே என் வேலை துளி வைப்பது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பென்சில் அளவு ஒரு கண்ணாடித் தண்டு. அதன் நுனியில் ஒரு கடுகு அளவு பிளாட்டினம் தெரியும். ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் புரதத்தைக் கரைத்து வைத்திருப்பார்கள். அதை ஐஸ் கட்டிக்கு மேல்தான் வைத்திருக்க வேண்டும். அதோடு மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த இன்னொரு புரதத்தைக் கலக்க வேண்டும், பிடிப்புக்கு. பிறகு மூக்கை அரிக்கிற ஒரு மருந்து. அது சேர்ந்தவுடன் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து, உறை விட்ட பால் போல இறுகத் தொடங்கும். இறுகுவதற்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளியை எடுத்து அந்தக் கடுகின் மேல் வைக்க வேண்டும். துளி விளிம்பு தாண்டக் கூடாது. குமிழி வரக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது.

இவருக்கு இதெல்லாம் பகிடி.

"இஞ்சாரும், வியாழக்கிழமை மாட்டு இரத்தம், வெள்ளிக்கிழமை விரதம். நல்ல சைவம்தான் போங்கோ!"

"நான் கையுறை போட்டுத்தான் தொடுறனான். நீங்கள் பெற்றோல் கையோட சோறு தின்னுறதைவிட இது சுத்தம்."

அந்தத் துளிக்கு மேலே ஒரு மெல்லிய சவ்வு போட வேண்டும். அதைச் செய்தவள் கோமதி. திருநெல்வேலியிலிருந்து டொக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த பிள்ளை, அப்போது இருபத்தாறு வயது. முதல் நாள் நான் "ஓம்" என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு.

"என்னக்கா, பேச ஆரம்பிக்கும்போதே மந்திரம் சொல்றீங்க?"

"நீ ஆமா, ஆமா எண்டு ஆமையைக் கூப்பிடுறாய். நான் அதுக்குச் சிரிச்சனானே?"

அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம். புரதம் சீனியை உடைக்கிறபோது ஒரு பொருள் உண்டாகும், பிளாட்டினம் அதை மின்சாரமாக உணரும், அளவுக் கருவியின் முள் ஆடும், எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு சீனி என்று எனக்கு விளங்கும் தமிழில் சொன்னது அவள்தான். "பிளாட்டினத்துக்குக் கண்ணு கிடையாதுக்கா. புரதம்தான் கண்ணு. சவ்வு வந்து வாசல்காரன். வேண்டாத ஆளை உள்ள விடாம பார்த்துக்கும்."

நான்கு மணிக்குத் தேத்தண்ணி. ஆய்வுகூடத்துக்குள் குடிக்கக் கூடாது, வெளியே ஒரு சிறிய அறை. டொக்டர் மொர்கன்தான் தேத்தண்ணி போடுவா, மற்றவர்களை விடமாட்டா. எல்லாருக்கும் கோப்பை கொடுத்த பிறகு ஒரு வழக்கம் இருந்தது. அன்று தங்கள் கையால் எது பிழைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் அவவே சொல்லுவா. "இன்று நான் உப்பைத் தப்பாக நிறுத்தேன், ஒரு காலை வீண்." அடுத்தவர். அதற்கடுத்தவர். ஏச்சும் இல்லை, ஆறுதலும் இல்லை. சொல்லி முடித்தால் முடிந்தது. என்னுடைய முறை வரும்போது நான், "ஒன்றுமில்லை, டொக்டர்," என்பேன். எத்தனையோ வருடம் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். கழுவுகிறவள் என்று வந்தவள் நான். பிழை சொன்னால் பழையபடி தொட்டிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. எனக்குப் பிழை வராது என்ற மிடுக்கும் இருந்தது.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு ஆங்கிலம் பேச வரும், கேட்டால் விளங்கும். வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும். போத்தல்களை மூடியின் நிறத்தாலும், எழுத்துகளின் உயரம் பருமனாலும் மனத்தில் வைத்திருந்தேன். ஒரு நாளும் போத்தல் மாறி எடுத்ததில்லை. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கோமதிக்குக்கூட.

தொண்ணூறுகள் தொடங்கியபோது எங்கள் தண்டுகள் சீனித் தண்ணீரில் சரியாகக் காட்டத் தொடங்கிவிட்டன. இனி மனித இரத்தத்தில் காட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் ஐந்து பேர், கிழமைக்கு ஐந்து நாள், ஆளுக்கொரு நாள் இரத்தம் கொடுப்பது என்று முடிவானது. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். விரலில் குத்தி இரண்டு சிறிய குழாயில் எடுப்பார்கள். ஒன்று எங்கள் தண்டுக்கு. மற்றது பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த பெரிய இயந்திரத்துக்கு. அது சொல்வதுதான் சத்தியம். பிறகு ஒரு கிளாஸ் சீனித் தண்ணீர் குடித்துவிட்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் குத்துவார்கள்.

வெள்ளியை நானே கேட்டு வாங்கினேன். எப்படியும் எனக்கு வெள்ளி விரதம், மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு. சீனித் தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பிள்ளையாரிடம் முதலே சொல்லிவைத்தேன். "சீனித்தண்ணி குடிக்கச் சம்பளம் குடுக்கிற நாட்டை இப்பதான் பார்க்கிறன்" என்றார் இவர்.

இரத்தம் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தரமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் வெள்ளி கோமதி அருகில் இருந்தாள். "சாப்பிட்டீங்களா? காய்ச்சல் இருக்கா? மருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். இல்லை, இல்லை, இல்லை. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. எல்லாவற்றுக்கும் வலது பக்கப் பெட்டி. கீழே டொக்டர் மொர்கன் விரலை வைத்து, "இதை வாசித்து விளங்கிக்கொண்டீர்களா?" என்று கேட்டா. "வாசித்தேன்" என்று கையெழுத்து வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நானே வலது பக்கப் பெட்டி ஏழிலும் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இலக்கங்கள் பொருந்தவில்லை. பெரிய இயந்திரம் நாலரை என்றால் எங்கள் தண்டு ஏழு என்றது. மற்ற நான்கு நாளும் நன்றாகப் பொருந்தின. அதே தண்டைச் சீனித் தண்ணீரில் வைத்தால் சரியாகவே காட்டியது. என் இரத்தத்தில் வைத்தால் ஏறிவிடும். டொக்டர் மொர்கன் என் படிவத்தை எடுத்துப் பார்த்தா, ஒரு முறையல்ல, மூன்று முறை. படிவத்தில் எல்லாம் இல்லை. ஆகவே என்னில் பிழை இல்லை. வெள்ளிக்கிழமைத் தண்டுகளுக்கு வியாழக்கிழமை சவ்வு போட்டவள் கோமதி. வியாழன் பின்னேரங்களில் அவள் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு அவசரமாக வந்து சவ்வு போடுவாள். அவசரத்தில் சவ்வு மெல்லியதாகிவிடுகிறது, இரத்தத்தில் உள்ள கண்டதெல்லாம் உள்ளே போகிறது என்று டொக்டர் மொர்கன் முடிவு கட்டினா.

"கோமதி, வியாழக்கிழமைகளில் உனக்கு என்ன அவசரம்?"

"அவசரமே இல்லை, டொக்டர். அளந்துதான் போடுகிறேன்."

"இலக்கம் வேறு சொல்கிறது. அகெய்ன்."

அந்த அகெய்னில் முதல் தடவையாக ஒரு குளிர் இருந்தது.

இரண்டாம் வெள்ளி. மூன்றாம் வெள்ளி. கோமதி சவ்வை இரண்டு தரம் அளந்தாள், மூன்று தரம் அளந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. பணம் கொடுக்கிற சபைக்காரர் மாத முடிவில் பார்வையிட வரப் போகிறார்கள். அதற்குள் சரிவராவிட்டால் சவ்வு வேலை வேறொருவருக்குப் போகும், அவளுடைய மூன்றாம் வருட உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் விசாவும் நிற்கும்.

"பட்டம் இல்லாம திரும்பிப் போனா எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்க்கா. அதான் பயமா இருக்கு. திட்டினாக்கூடப் பரவாயில்ல."

"நீ சரியாத்தானே செய்யிறாய்?"

"செய்றேன்க்கா. ஆனா அஞ்சு வாரமா தப்புன்னே சொன்னா, எனக்கே என் கை மேல சந்தேகம் வருது."

அதைக் கேட்டு நான் அவளுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தேன். என்னால்தான் என்று ஒரு எண்ணமும் எனக்கு வரவில்லை.

ஆறாம் வெள்ளிக் கதைக்கு முன்னம், வெள்ளிக்கிழமைகளில் நான் எப்படி வேலைக்குப் போவேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் எழும்பியவுடன் ஒரு தேத்தண்ணி. வெள்ளியில் அதுவும் இல்லை. ரயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பொட்டில் தலையிடி தொடங்கும். பால்ஹம் ஸ்டேஷன் தாண்டும்போது கைப்பையில் இருந்து இரண்டு பனடோல் எடுத்து, போத்தல் தண்ணீரில் விழுங்குவேன். ஆய்வுகூடம் போய்ச் சேரும்போது தலை லேசாகிவிடும். எங்கள் ஆட்களுக்குப் பனடோல் மருந்து இல்லை. மருந்தென்றால் டொக்டர் எழுதித் தருவது, நேரம் பார்த்துக் குடிப்பது, நோய் வருத்தக்காரர் எடுப்பது. பனடோல் என்பது உப்பு, புளி போல வீட்டில் கிடக்கிற சாமான். யாராவது, மருந்து எடுத்தீர்களா என்று கேட்டால், பனடோலை நினைத்துப் பார்க்கிற ஒரு யாழ்ப்பாணத்து ஆளை எனக்குக் காட்டுங்கள்.

ஆறாம் வெள்ளி என் கைப்பையின் வார் வாசலிலேயே அறுந்துபோனது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாவியையும் பயணச்சீட்டையும் மட்டும் இன்னொரு பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பனடோல் பழைய பையில் கிடந்தது. பால்ஹமில் தலையிடி வந்தது. வந்தது போகவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டே போய்க் கதிரையில் இருந்து விரலை நீட்டினேன்.

தண்டு நாலு தசம் ஆறு என்றது. பெரிய இயந்திரத்திலிருந்து தாள் வந்தது. நாலு தசம் ஐந்து.

கோமதி அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சீனித் தண்ணீர் குடித்த பிறகும் பொருந்தியது. கடைசி வரை பொருந்தியது. டொக்டர் மொர்கன் வந்து இலக்கங்களைப் பார்த்தா.

"இந்த வியாழன் என்ன வித்தியாசமாகச் செய்தாய்?"

"ஒன்றும் இல்லை, டொக்டர். போன வியாழன் செய்தது போலத்தான்."

"ஏதாவது இருக்கும். யோசி."

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன், அவளுடைய வியாழனை அல்ல, என்னுடைய வெள்ளியை. அதே விரதம். அதே ரயில். அதே கதிரை. என் தலை மட்டும் விண் விண்ணென்று இடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் கீழே சாப்பாட்டு அறையில் கோமதிக்கு முன்னால் போய் இருந்தேன். வாயில் சோறு போகவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். தலையிடிக்குக் குளிசை போடுறதும் மருந்தோ?"

அவளுடைய கரண்டி நின்றது. "என்ன குளிசை?"

"பனடோல்தான்."

"அக்கா... வெள்ளிக்கிழமை போட்டீங்களா?"

"ஒவ்வொரு வெள்ளியும். இண்டைக்கு மட்டும் இல்லை."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். பனடோலுக்குப் புரதத்தின் உதவி தேவையில்லை. பிளாட்டினத்தை நேரே போய்த் தொட்டு மின்சாரம் கொடுக்கும். எங்கள் சவ்வு அதை நிறுத்தாது. பிளாட்டினம் அதையும் சீனிக் கணக்கில் சேர்த்துவிடும். இது புதுச் சங்கதியும் இல்லை. உலகத்தில் வேறு இடங்களில் கண்டு எழுதிவிட்டார்களாம், டொக்டர் மொர்கனுக்கும் தெரியுமாம்.

"அதனாலதான் படிவத்துல நாலாவது கேள்வியே இருக்கு. வலி மாத்திரை, பாரசிட்டமால் எடுத்தீங்களான்னு பேரோட போட்டிருக்கே, பனடோலும் அதுதான். நீங்க படிச்சுட்டு..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்த இடத்தில் அவளுக்கு விளங்கியது. நான் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பு என்னோடதும்தான்க்கா. அன்னைக்கு நான் மருந்துன்னு ஒரே வார்த்தைல கேட்டுட்டுப் போயிட்டேன். மாத்திரை போட்டத மறந்து 'இல்லை'ல டிக் போட்டுட்டீங்கன்னு டொக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். மத்தது எதுக்கு?"

ஆசையாகத்தான் இருந்தது. மறந்துபோனேன் என்றால் எவ்வளவு மானமாக இருக்கும். ஆனால் ஒரு வெள்ளி மறக்கலாம், ஐந்து வெள்ளியும் மறக்கிறவளிடம் யார் துளி வைக்கக் கொடுப்பார்கள்? அதைவிட, இந்தப் பிள்ளை தன் கையையே சந்தேகப்பட்ட ஐந்து கிழமைக்கு நான் மறதி என்று பெயர் வைக்கலாமா?

"வேண்டாம் பிள்ளை. நான் சொல்லுறன்."

நான்கு மணிக்குத் தேத்தண்ணி அறையில் ஐந்து பேரும் இருந்தோம். டொக்டர் மொர்கன் கோப்பைகளை நீட்டினா. தன்னுடைய பிழையைச் சொன்னா, எதுவென்று இப்போது நினைவில்லை. சுற்றி வந்து என்னிடம் வந்தது. எல்லாரும் என்னைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், நான் ஒன்றுமில்லை என்பேன் என்று.

"டொக்டர், எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது," என்றேன். "வாசித்தேன் என்று பொய் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். ஐந்து வெள்ளியும் பனடோல் போட்டேன். கோமதியின் சவ்வில் பிழை இல்லை."

டொக்டர் மொர்கன் கோப்பையைக் கீழே வைத்தா. நான் கண்டிராத ஒன்றைச் செய்தா. எனக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"எத்தனை குளிசை?"

"இரண்டு."

"எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு முன்னம். ரயில் பால்ஹம் தாண்டும்போது."

"இன்று?"

"இல்லை. பையை மாற்றிக்கொண்டு வந்தேன்."

அவ கோமதியின் பக்கம் திரும்பினா. "இன்று என் கையால் பிழைத்ததை நான் முதலில் சரியாகச் சொல்லவில்லை. ஐந்து கிழமை உன்னைக் குற்றம் சொன்னேன். தாளை நம்பினேன், உன்னை நம்பவில்லை. அதுதான் என் பிழை." பிறகு என்னைப் பார்த்தா. "படிவமும் ஒரு கருவிதான், மிஸிஸ் நடராஜா. வாசிக்காமல் கையெழுத்து வைக்க விடுகிற படிவம் பழுதான கருவி. அதை நான் திருத்துகிறேன். அடுத்த வெள்ளி இரண்டு குளிசை, அதே நேரம், அதே ரயில்." எழும்பினா. "அகெய்ன்."

அடுத்த வெள்ளி பால்ஹமில் இரண்டு பனடோல் விழுங்கினேன், தலையிடி இல்லாமலே. இலக்கம் ஏறியது. அது ஏறுவதைப் பார்த்து அந்த அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். பிழைத்ததற்குக் கை தட்டியதை அங்கேதான் கண்டேன்.

திங்களிலிருந்து படிவத்தை ஒருவரும் தானாக நிரப்பவில்லை. இரத்தம் கொடுக்கிற எல்லாருக்கும், டொக்டர் மொர்கனுக்கும்கூட, இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும். என்னைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் அவ செய்த அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த வெள்ளியின் கதையை ஆய்வுக் கொப்பியில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டா. நான்காவது கேள்வியில் இருந்த அந்த நீளமான சொல்லை நான் ஒரு துண்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய், ரயிலில் வரும்போதும் போகும்போதும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பாரசிட்டமால். என் வாழ்க்கையில் நானாக வாசித்த முதல் நீண்ட ஆங்கிலச் சொல் அது. மற்றச் சொற்கள் அதற்குப் பிறகுதான் வந்தன, மெல்ல மெல்ல.

சபைக்காரர் வந்தபோது டொக்டர் மொர்கன் ஒன்றையும் மறைக்கவில்லை. பனடோல் கதையையே முதலில் சொன்னா. கோமதியின் உதவித்தொகை நீண்டது. அவள் சவ்வுக்கு மேல் இன்னொரு சவ்வு போட்டுப் பார்த்தாள், வேறொன்று, வேறொன்று. இரண்டு வருடம் என்னுடைய வெள்ளிக்கிழமை இரத்தத்தில்தான் சோதித்தாள். பனடோலின் ஏற்றம் பாதிக்கு மேல் அடங்கியது, முழுதாக அடங்கவில்லை. அதோடு அவளுக்குப் பட்டம் கிடைத்தது. முழுதாக அடங்கும் நாளைப் பார்க்காமலே அவள் போனாள். "யாராச்சும் ஒரு நாள் முடிப்பாங்கக்கா" என்றாள் விமான நிலையத்தில்.

தொண்ணூறுகள் முடியும்போது டொக்டர் மொர்கன் ஓய்வெடுத்துக்கொண்டு வேல்ஸ் பக்கம் போய்விட்டா. ஆய்வுகூடத்தை மூடினார்கள். நான் இன்னொரு கல்லூரியில் ஓய்வு வரை பாத்திரம் கழுவினேன். நல்ல இடம், நல்ல சம்பளம். நான்கு மணிக்கு ஒவ்வொருவரும் தங்கள் மேசையில் தங்கள் கோப்பையோடு இருந்தார்கள். எது பிழைத்தது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. ஒருமுறை பழைய கட்டிடத்துக்குப் போய் மூன்றாம் மாடி ஏறிப் பார்த்தேன். என் மேசை இருந்த இடத்தில் வரிசையாகக் கணினிகள். தேத்தண்ணி அறையில் கடதாசிப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். மூக்கை அரிக்கும் அந்த மருந்து மணமாவது வருகிறதா என்று நின்று பார்த்தேன். வரவில்லை.

டொக்டர் மொர்கன் ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் கார்ட் போடுவா. பிறகு ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. கோமதி பொங்கலுக்கு எடுத்துப் பேசுவாள், வேறு நாட்டில் பெரிய வேலை, குரலில் அதே சிரிப்பு. இவர் போய் நான்கு வருடம்.

கையில் பொத்தான் ஒட்டிய தாதி ஒரு சிறிய புத்தகம் தந்திருந்தாள். வீட்டில் இருந்து முழுவதையும் வாசித்தேன், இரண்டு பின்னேரம் எடுத்தது. எந்த மருந்து இலக்கத்தைக் கெடுக்கும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்தச் சொல்லைத் தேடினேன். பட்டியலில் இல்லை. நம்ப மனம் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து விரல் வைத்துத் தேடினேன். இல்லை.

போன வெள்ளி காலை, தலையிடி இல்லாமலே இரண்டு பனடோல் போட்டேன். குசினி மேசையில் டெலிபோனை வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தேன். ஆறு தசம் இரண்டு. ஆறு தசம் ஒன்று. ஆறு தசம் இரண்டு. ஒரு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம். ஏறவில்லை. யாரோ முடித்துவிட்டார்கள்.

கோமதிக்கு எடுத்தேன். அங்கே அவளுக்கு வேலை நேரம், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. நான்கு மணிக்குத் தேத்தண்ணி போட்டேன். ஒரு கோப்பைதான். மேசைக்கு மறுபக்கத்தில் டொக்டர் மொர்கன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, என்ன காண்கிறீர்கள், மிஸிஸ் நடராஜா என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

கொப்பி ஒன்றை எடுத்து ஆங்கிலத்திலேயே எழுதினேன். வெள்ளி. பாரசிட்டமால் இரண்டு. ஏற்றம் இல்லை. எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்து வைத்தேன்.